'இல்லை'களால் எழுதப்படும் குப்பம்

கவிதை, நாவல், சினிமா, பாடநூல், விளம்பரம் என எல்லாவற்றையும் நாம் பிரதியாக வாசித்துப் பார்த்தாயிற்று. மருத்துவ ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதப்படும் விண்ணப்பத்துக்கு மட்டும் நமது விமர்சனத்தில் இடம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் ஒரு நாவலைவிட நேரடியாக உடல்களின் மீது வினைபுரியும் பிரதி இது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு (என்.ஐ.எச்.) அனுப்பும் பெரிய விண்ணப்பத்தில் நோக்கத்துக்கு ஒரு பக்கம், ஆய்வுத் திட்டத்துக்குப் பன்னிரண்டு பக்கம். ஊன்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பேர். எந்த ஊரில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும், யார் கையிலிருந்து ரத்தம் எடுக்கப்படும் என்பது அவர்கள் போடும் மதிப்பெண்ணில் தொடங்குகிறது.

நான் அந்தப் பிரதியை எழுதிப் பிழைப்பவள். விஞ்ஞானி அல்ல, விஞ்ஞானிகளின் பெயரில் எழுதுபவள். ஆசிரியரின் மரணம் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். என் தொழிலில் ஆசிரியர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் சாகிறார். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்தவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது விளங்காது.

சில வருஷங்களுக்கு முன் கடலோரக் குப்பங்களில் உப்பும் ரத்த அழுத்தமும் என்று ஒரு புரபோசல். களங்களில் ஒன்று எங்கள் குப்பம். அம்மா கருவாடு விற்றவள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். எங்களைப் பற்றி இன்னா எய்தினே, படி என்றாள். முதல் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"இன்னாடி இது, எல்லாம் இல்ல இல்லன்னே எய்தி வச்சிக்கிற? இருக்கறது ஒன்னு கூடவா இல்ல?"

அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒன்பது 'இல்லை'.

இது என் தனிப்பட்ட கைங்கர்யம் இல்லை. இந்த எழுத்துவகையின் இலக்கணமே அதுதான். அறிவில் ஒரு 'இடைவெளி' இருப்பதாக முதல் பத்தியில் நிறுவியாக வேண்டும். அங்கே விழும் பள்ளத்தை நிரப்பத்தான் பணம் கேட்கிறோம். இதில் தப்பில்லை, தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே ஆய்வு. வில்லங்கம் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. 'மீனவச் சமூகங்களின் ரத்த அழுத்தம் பற்றித் தரவு இல்லை.' 'விழிப்புணர்வு இல்லை.' 'தொடர் சிகிச்சை இல்லை.' மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன, ஆனால் மூன்றுக்கும் உடைமையாளர்கள் வேறு. தரவு இல்லாதது ஆய்வாளனுக்கு. சிகிச்சை தராதது அரசு. விழிப்புணர்வு மட்டும்தான் குப்பத்து ஜனத்தின் தலையில். ஆனால் பத்தி முடியும்போது மூன்று 'இல்லை'யும் குப்பத்தின் குணமாகிவிடுகின்றன. ஆய்வாளனின் அறியாமை மெதுவாக ஜனங்களின் அறியாமையாக நழுவுகிறது. இந்த நழுவலை வழுவழுப்பாகச் செய்து தருவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இங்கிலீஷ் இதற்கு ரொம்ப வசதி. 'லேக் ஆஃப் அவேர்னஸ்' என்று ஒரு பெயர்ச்சொல்லாக நிறுத்திவிடலாம். யாருக்கு, யாரால் என்று அந்தத் தொடர் கேட்காது. தமிழில் 'இல்லை' என்றால் யாருக்கு இல்லை, யாரிடம் இல்லை, எங்கே இல்லை என்று வேற்றுமை உருபு முன்னால் வந்து நிற்கிறது. அம்மாவுக்காக மொழிபெயர்த்தபோது அங்கேதான் எனக்கு நாக்கு தடுக்கியது.

எல்லா ஆய்வும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. இதே சென்னையில் ஒரு எதிர் உதாரணம் உண்டு. அதைப் பேசாமல் 'அறிவு/அதிகாரம்' என்று பூக்கோவின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்வது சோம்பேறித்தனம்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. முதலில் ஐந்து வருஷத் திட்டம், தலைமையில் வாலஸ் ஃபாக்ஸ். (அந்த மையம்தான் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, நர்ஸ். வீட்டிலோ நெரிசல், அரைவயிறு, வேலைக்குப் போயே ஆக வேண்டிய கட்டாயம். ஒரே மருந்தை, ஐசோனியாசிடையும் பாஸையும், இரண்டு இடத்திலும் ஒரு வருஷம் கொடுத்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 1959இல் வெளியான முடிவில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்திருந்தன. வீட்டிலிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பது பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியத்தின் காலம் முடிவதற்கு இது பெரிய காரணம்.

இங்கே வறுமை எழுதப்பட்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். குடிசையின் நெரிசல் ஜனங்களின் குறையாக வரவில்லை, நிரூபணத்தின் பலமாக வருகிறது. இவ்வளவு இல்லாமையிலும் மருந்து வேலை செய்கிறது என்றால் எங்கும் செய்யும். சானடோரியத்தில் படுக்கை இல்லையே என்று ஏழையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வாதம் அதோடு செத்தது. 'இல்லை'யின் உடைமையாளன் மாறிவிட்டான்.

ஆனால் அதே ஆய்வின் அடியில் இன்னொரு பிரதியும் ஓடியது. வீட்டில் மாத்திரையை உண்மையிலேயே முழுங்குகிறார்களா? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணினார்கள், சிறுநீர் சோதித்தார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. அந்தச் சந்தேகத்திலிருந்துதான், கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை சென்னையில் அறுபதுகளில் உருவானது. அதுவே தொண்ணூறுகளில் 'டாட்ஸ்' என்று உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கையாயிற்று. பிறகு மாத்திரை அட்டைக்குள் மறைந்திருக்கும் எண்ணுக்கு நோயாளியே மிஸ்டு கால் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. சானடோரியத்தின் மதில் இடிந்து, கண்காணிப்பு வீட்டுக்குள் வந்தது என்று சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் வீட்டில் இருந்தபடியே பிழைத்தவனிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

எங்கள் ஊர்ப் பெயருக்கு வருகிறேன். ஹென்றி ஸ்டீல் ஒல்காட் 1894இல் ஊரூரில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். (குப்பத்து மீனவர்கள் பட்டினவர்கள். பள்ளியின் வரலாறும் குப்பத்தின் வரலாறும் ஒன்றல்ல. ஒல்காட்டின் பெயர் இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.) அந்தப் பள்ளிகளைப் பற்றி 1902இல் அவர் எழுதிய சிறுநூலின் தலைப்பு 'ஏழைப் பறையன்' என்று பொருள்படுவது. நல்ல மனிதர், நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் 1898இல் இதே ஒல்காட்டைப் பார்க்க அயோத்திதாசர் வந்தபோது கொண்டுவந்த வாதம் வேறு: நாங்கள் பூர்வ பௌத்தர்கள், எங்களுடையது எங்களுக்கு வேண்டும். 'எங்களிடம் இல்லை' என்று அந்த மனு தொடங்கவில்லை, 'எங்களுக்கு இருந்தது' என்று தொடங்கியது. ஒரே ஊர், ஒரே மனிதரைச் சுற்றி நான்கு வருஷ இடைவெளியில் இரண்டு வகை எழுத்து. மானிய விண்ணப்பம் எதன் வாரிசு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தையும் பேசிவிடலாம். நிர்வாகச் செலவு என்று என்.ஐ.எச். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பல காலம் கொடுத்துவந்தது 8 சதவீதம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 50க்கு மேல் வாங்கின. 2025 மே மாதம் அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டுக்கு வரும் துணை மானியங்களைப் புதிதாக வழங்குவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே 'சமத்துவம்', 'பன்மைத்தன்மை' மாதிரியான சொற்கள் அங்கே மானியத்துக்கு ஆபத்தாகிவிட்டிருந்தன. பத்து வருஷம் அந்தச் சொற்களைச் சேர்க்கக் கற்றோம், பத்து நாளில் அழிக்கக் கற்றோம். குப்பத்தில் எதுவும் மாறவில்லை, அதே வீடு, அதே பிரஷர். அந்தச் சொற்கள் குப்பத்தைக் குறித்தவை அல்ல, பணம் கொடுப்பவனின் மனநிலையைக் குறித்தவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விட்டுவிட்டு வா, இது என்.ஜி.ஓ. அரசியல் என்று தோழர்கள் சொல்கிறார்கள். மானியம் நின்றால் முதலில் வேலை போவது வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் பெண்களுக்கு. அவர்களில் இரண்டு பேர் எங்கள் தெரு. விமர்சனம் எழுதும் தோழர்களுக்கு வேலை போகாது. குப்பத்தில் ரத்த அழுத்தம் நிஜமாகவே இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன், அது சொல்லாடலால் மட்டும் ஏறியதில்லை.

அம்மா கேட்ட பிறகு அந்தப் புரபோசலில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். முகத்துவாரத்தில் சேரும் கழிவுநீரைப் பற்றி இந்த மக்கள் பல காலமாகக் கேள்வி கேட்டுவருகிறார்கள் என்று. மதிப்பீட்டாளர் ஒருவர், சுவாரசியமானது, ஆனால் ஆய்வின் வரம்புக்கு வெளியே என்று எழுதியிருந்தார். மறு சமர்ப்பிப்பில் வாக்கியத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.

பதிலுக்கு வேறொன்றைப் பிடித்தேன். வங்கதேசத்தின் டாகோப் பகுதியில், குடிநீரில் ஏறிய கடல் உப்புக்கும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் புரபோசலில் உப்பு கருவாட்டிலிருந்து மட்டுமே வருகிறது, அதாவது எங்கள் பழக்கத்திலிருந்து. தண்ணீரிலிருந்தும் வந்தால் கேள்வி வேறு ஆளிடம் போகும். பட்ஜெட் பக்கத்தில் 'குடிநீர், நிலத்தடி நீர் மாதிரிகளில் சோடியம் பரிசோதனை' என்று ஒரு வரி போட்டேன். சிறு தொகைதான். முதன்மை ஆய்வாளர் இது எதற்கு என்று கேட்டார். எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா சார் என்றேன். சிரித்தார், அடிக்கவில்லை. பட்ஜெட் இன்னும் முடிவாகவில்லை.