புத்தி சொல்லுதலும் தேற்றுதலும்

நம் சபைகளில் ஒருவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டால், மூப்பர் இருவரை அவர் இல்லத்திற்கு அனுப்பி, 'புத்தி சொல்லிவிட்டு வாருங்கள்' என்று பணிப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்திற்கு ஆதாரமாக நாம் எடுத்துக்காட்டும் வசனம் எபிரெயர் 10:25. ஆனால் அவ்வசனம் நம் வழக்கத்தை ஆதரிக்கின்றதா, அன்றி அதைக் கண்டிக்கின்றதா என்பது ஆராயத்தக்கது.

1871-இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலில் அவ்விடத்து 'புத்திசொல்லுதல்' என்று காணும் சொல்லுக்குக் கிரேக்க மூலம் 'பராக்கலெயோ' என்னும் வினை. 'அருகில் அழைத்தல்' என்பது அதன் அடிப்படைப் பொருள்; வேண்டுதல், ஊக்குதல், ஆறுதல் கூறுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவ்வினையே 1 தெசலோனிக்கேயர் 4:18-இலும் 5:11-இலும் 'தேற்றுதல்' எனப்பட்டது. இதன் பெயர்ச்சொல்லே 2 கொரிந்தியர் முதலதிகாரத்தில் 'ஆறுதல்' ஆயிற்று. யோவான் சுவிசேஷத்தில் ஆவியானவருக்கு வழங்கும் 'தேற்றரவாளன்' என்னும் திருநாமமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மூலத்தில் ஒரே குடும்பமாய் வாழ்ந்த சொற்கள் தமிழில் வெவ்வேறு வீடுகளில் குடியேறிவிட்டன.

இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 1 தெசலோனிக்கேயர் 5:14-இல் ஒழுங்கற்றோருக்குச் செய்யவேண்டியதாகப் பவுல் குறிப்பிடுவது 'நூத்தெத்தெயோ', அதாவது எச்சரித்துத் திருத்துதல். அதற்கும் நம் திருப்புதலில் அதே 'புத்திசொல்லுதல்' நிற்கின்றது. ஆகவே எச்சரிப்பு எது, ஊக்குவிப்பு எது என்று தமிழ் வாசகர் பிரித்தறிய வழியில்லை.

மொழிபெயர்த்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. புத்தி என்பது நல்லறிவைக் குறிக்கும் உயர்ந்த சொல். எனினும் நம் பேச்சுவழக்கில் மூத்தவர் இளையவருக்கும், தவறாதவர் தவறினவருக்கும் சொல்வதே புத்தி. அது மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது. நிருபமோ 'ஒருவருக்கொருவர்' என்கின்றது. சொன்னவரே நாளை கேட்பவராகவும் வேண்டும் என்னும் இந்தச் சமநிலை நம் காதில் விழாமற் போயிற்று.

நிருபத்தின் சூழலையும் நோக்குவோம். அதை முதலில் கேட்டோர் சோம்பேறிகள் அல்லர். நிந்தைக்கு உள்ளானவர்கள், ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள், சிறைப்பட்டோரோடு துன்பத்தைப் பகிர்ந்தவர்கள் (10:32-34). அவர்களுடைய கைகள் தளர்ந்தன, முழங்கால்கள் தள்ளாடின (12:12). இத்தகையோர் கூடிவருதலை விட்டபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது அறிவுரையா, அருகில் வந்து நிற்கும் தோளா?

இங்கு ஒரு தடை எழும். அடுத்த வசனத்திலேயே கடுமையான எச்சரிப்புத் தொடங்குகின்றதே என்பர். உண்மைதான், அதை மறைத்து, தேற்றுதலை வெறும் இன்சொல்லாக்கிவிடுதல் திருமறைக்கு அநீதி. ஆயினும் ஆசிரியர் தம் நிருபம் முழுவதற்கும் 13:22-இல் சூட்டும் பெயர் 'பராக்லேசிஸின் வார்த்தை' என்பதாம். எச்சரிப்பு தேற்றுதலுக்குள் அடங்கியதேயன்றி, தேற்றுதல் எச்சரிப்புக்குப் பின் வரும் பின்னுரையன்று. கடிந்துரைக்கும்போதும் அவர் 'நாம்' என்று தம்மையும் சேர்த்தே பேசுகின்றார்.

இதற்கு உருவம் தந்தவர் பர்னபா. அப்போஸ்தலர் 4:36 அவரை 'ஆறுதலின் மகன்' என்கின்றது. 11:23-இல் அவர் அந்தியோகியாவில் 'புத்தி' சொல்லுகின்றார். மூலத்தில் பெயரும் செயலும் ஒரே சொல். தமிழில் அவ்விணைப்பு அறுந்துவிட்டது. புதிய விசுவாசிகளிடையே தேவகிருபையைக் கண்டு முதலில் மகிழ்ந்தார், பின்னரே பேசினார் என்னும் வரிசை கவனிக்கற்பாலது. எருசலேமிலுள்ள சீஷர் அஞ்சி ஒதுக்கிய சவுலைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கொண்டுபோனவரும் அவரே. பின்னர் தர்சுவுக்குச் சென்று அவரைத் தேடியவரும் அவரே. இடையில் திரும்பிப்போன மாற்கின் பொருட்டுப் பவுலோடு பிரியவும் துணிந்தார். அந்த மாற்குவைத் தம் ஊழியத்திற்குப் பிரயோஜனமானவன் என்று 2 தீமோத்தேயு 4:11 போற்றுகின்றது. பர்னபா அன்று புத்தி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் மாற்கு என்னவாகியிருப்பார்?

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் எபிரெயர் 10:25-இல் 'ஊக்கமூட்டுதல்' என்னும் சொல்லைக் கையாள்வது வரவேற்கத்தக்கது. ஆனால் சொல் மாறினாற் போதாது. ஊக்கம் என்பதும் மேடையிலிருந்து வீசப்படும் உற்சாக வார்த்தையாய்ச் சுருங்கிவிடக்கூடும். வராதவர் வீட்டுக்கு நாம் செல்லும்போது அவருடைய துயரைக் கேட்க அமர்கின்றோமா, நம் தீர்ப்பைக் கூறி எழுகின்றோமா? ஆயராகிய நாம் தளர்ந்த நாளில் சபையாரில் எளியவர் ஒருவர் நம்மைத் தேற்ற இடங்கொடுக்கின்றோமா? இவ்விரண்டாம் கேள்விக்கு 'ஆம்' என்று விடைகூற இயலாதவரை, 'ஒருவருக்கொருவர்' என்னும் சொல்லை நாம் இன்னும் மொழிபெயர்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.