குழந்தை இல்லாமல் உள்ளே வராதீர்கள்!

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 14 வயது வரையுள்ள பிள்ளை ஒன்று கூட இருந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி. எவ்வளவு பெரிய ஆளானாலும் தனியாகப் போனால் திரும்பி வர வேண்டியதுதான்! ஓட்டல், தியேட்டர், கல்யாண மண்டபம் என்று எங்கே போனாலும் "பையனைக் கொஞ்சம் பிடிங்க", "அழ விடாதீங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு, அந்த வாசலில் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அடடா! என் இடுப்பில் இருந்த இரண்டு வயது வாண்டுதான் எங்கள் எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு. நுழைவுக் கட்டணம்கூடக் கிடையாது.

சின்னப் பிள்ளைகளோடு முதன்முதலாக வெளிநாடு போகிறோம், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சிங்கப்பூர் என்று சொல்லிவிடுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

"சிங்கப்பூரா? அங்கே என்ன இருக்கு, வெறும் கட்டடம்தானே?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அது பெரியவர்கள் கணக்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஈஃபில் கோபுரமும் எங்கள் தெருமுனை செல்போன் டவரும் ஒன்றுதான். அதற்குத் தண்ணீர் வேண்டும், மண் வேண்டும், விழுந்து எழுந்து ஓட இடம் வேண்டும். பசித்த நிமிஷம் சோறு வர வேண்டும். "அம்மா, அவசரம்" என்றால் பக்கத்திலேயே கழிப்பறை இருக்க வேண்டும். ஊரைத் தேர்வு செய்யும்போது இவ்வளவைக் கேட்டால் போதும், பாதி உலக வரைபடத்தை அப்போதே மடித்து வைத்துவிடலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பட்டிமன்றம் நடந்தது. என் வீட்டுக்காரர் துபாய் என்றார். மே மாத லீவில் அங்கே வெயில் நாற்பதைத் தாண்டும், திருச்சி வெயிலுக்குத் தப்பிக்கத்தானே கிளம்புகிறோம் என்று நான் ஒரே போடு போட்டேன். என் தம்பி ஐரோப்பாவுக்கு வாதாடினான். நேர வித்தியாசத்தில் நடுராத்திரி முழித்துக்கொண்டு விளையாடக் கூப்பிடும் குழந்தையை அவன் இன்னும் பார்த்ததில்லை, பாவம். பாரிஸ் மெட்ரோவின் பழைய ஸ்டேஷன்களில் ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியவர்களிடம் கேட்டுப் பார்த்தால் தெரியும். சிங்கப்பூருக்கோ திருச்சியில் இருந்தே நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். ராத்திரி விமானத்தில் ஏற்றினால் பிள்ளைகள் தூங்கியே வந்துவிடும். இறங்கும்போது மட்டும் காது அடைத்து அழும். அந்தச் சமயத்துக்குப் பால் பாட்டிலைக் கையில் வைத்திருங்கள், உறிஞ்சி விழுங்கினால் அடைப்பு விடும்.

சாங்கி விமான நிலையமே ஒரு சுற்றுலாத் தலம். 2019-இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடிக் குமிழுக்குள் கூரையில் இருந்து 40 மீட்டர் உயர அருவி கொட்டுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. மூன்றாம் முனையத்தில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டமே இருக்கிறது. விமானம் தாமதமானால் நம் ஊரில் தலையில் கை வைப்போம். அங்கே, இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டுமே என்று என் மகள் வேண்டிக்கொண்டாள்.

ஆனால் நான் விழுந்து விழுந்து புகழ விரும்புவது அருவியை அல்ல, லிஃப்டை! எம்.ஆர்.டி. ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் லிஃப்ட். தெருவில் இருந்து நடைமேடை வரைக்கும் ஸ்ட்ரோலரை ஓரிடத்தில்கூடத் தூக்க வேண்டியதில்லை. பஸ்ஸிலும் மடக்காமல் அப்படியே ஏற்றலாம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் டிக்கெட்டும் இல்லை. ரயிலில் அறிவிப்பு தமிழிலும் வருமா, முதல் தடவை கேட்டதும் கூட வந்த எங்கள் அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "யாரு பெத்த புள்ளையோ, எவ்வளவு நல்லாச் சொல்லுது பாரும்மா" என்று அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரிய மால்களில் தாய்மார் அறை என்று தனியாக உண்டு. கதவைச் சாத்தினால் உள்ளே டயப்பர் மாற்ற மேடை, கை கழுவத் தொட்டி, பால் கலக்க வெந்நீர்க் குழாய், பால் கொடுக்கத் திரைச்சீலை போட்ட நாற்காலி. எத்தனை பஸ் ஸ்டாண்டில், எத்தனை கோயில் மண்டபத்தில் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறோம்! அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது, இந்த ஊரைத் திட்டம் போட்டவர்களில் கைக்குழந்தையோடு அலைந்த ஒருத்தியாவது கட்டாயம் இருந்திருப்பாள் என்று தோன்றியது.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கார்டன்ஸ் பை த பே பூங்காவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், இரும்பு மரங்கள் வானத்துக்கு நிற்குமே, அதேதான். அதற்குள் சிறுவர் தோட்டம் ஒன்று இருக்கிறது, இலவசம். தரையில் பதித்த குழாய்களில் இருந்தும், ஓரத்தில் நிற்கும் தூண்களில் இருந்தும் தண்ணீர் பீச்சும். அதில் உணர்கருவி வைத்திருக்கிறார்கள். பிள்ளை நடந்தால் பீச்சும், நின்றால் நிற்கும். சின்னவன் முதலில் ஒரு காலை எடுத்து வைத்தான், தண்ணீர் முகத்தில் அடித்தது. பயந்து பின்வாங்கினான், அடங்கிவிட்டது. திரும்பவும் ஒரு கால். தான் காலை வைப்பதால்தான் தண்ணீர் வருகிறது என்று அவனுக்குப் பிடிபட்ட அந்த நொடி அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் யார் கூப்பிட்டும் வரவில்லை. கைவிரல் எல்லாம் சுருங்கி, உதடு நடுங்குகிற வரைக்கும் ஆட்டம். பெரியவள் ஒருபக்கம் மர வீட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இவர் வேட்டி விளம்பரத்தில் வருகிறவர்போல் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டார். மாற்றுத் துணியும் துண்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். இருட்டியதும் வெளியே வந்தால் அந்த இரும்பு மரங்களில் பாட்டும் விளக்குமாக ஒரு காட்சி, அதற்கும் காசு கிடையாது. புல்தரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கூடாரங்களுக்குள் இருக்கும் பூக்களும் மலைக்காடும் அழகுதான், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தால் அவை பெரியவர்களுக்கானவை என்றுதான் சொல்வேன்.

மண்டாய் உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். 1973-இல் திறந்த பூங்கா. பல விலங்குகளுக்குக் கம்பி வேலிக்குப் பதில் அகழியும் பாறையும் செடியும்தான் மறைவான வேலி. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒராங்குட்டான் போகும். கூண்டு மாதிரி வலை போட்ட ஒரு காட்டுக்குள் நாமே நுழைகிற இடமும் உண்டு. அங்கே பட்டாம்பூச்சி, பழந்தின்னி வௌவால், வளையவளையமாய் வால் வைத்த லெமூர் எல்லாம் நம்மோடு சர்வ சாதாரணமாக உலாவும். பாதை ஓரத்துக் கைப்பிடியில் ஒரு லெமூர் வந்து உட்கார்ந்து, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சின்னவனை ஏற இறங்கப் பார்த்தது. இவனும் அதை ஏற இறங்கப் பார்த்தான். "ஏம்மா, இது கடிக்காதா?" என்று அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அது ஒன்றும் செய்யவில்லை, கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. கால் வலித்தால் டிராம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பயந்தே வெளிநாடு வேண்டாம் என்கிற குடும்பங்கள் நம் ஊரில் அதிகம். அவர்கள் நேராகச் சிராங்கூன் சாலைக்குப் போகட்டும். 1947-இல் இருந்து நடக்கும் கோமள விலாஸில் இட்லி, தோசை, சாப்பாடு. தேக்கா சென்டரில் கீழே ஒரே இரைச்சலாக ஹாக்கர் கடைகள், ஆப்பத்தில் இருந்து பிரியாணி வரைக்கும். சின்னவனுக்கு ரசம் சாதம் கிடைத்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பெரியவள் கண்டுபிடித்தது மைலோ டைனோசர். ஐஸ் போட்ட மைலோவின் மேலே கரையாத மைலோ பொடியைக் குன்றுபோல் குவித்துத் தருகிறார்கள். மூக்கு நுனியில் பொடியோடு நிமிர்ந்தவள், "அம்மா, நம்ம வீட்ல ஏன் பொடியை எல்லாம் கலக்கிடுறீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021-இல் இருந்து அங்கே சட்டம். வீட்டில் தட்டைத் தொடாத மகள், அங்கே "நான்தான், நான்தான்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கும் செலவு மிச்சம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தங்குமிடம் விலை கண்ணைக் கட்டும், அறையும் தீப்பெட்டி அளவுதான். நாங்கள் இருந்த அறையில் பெட்டியைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. ஒரு டாலரை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு வாய் காபிகூட இறங்காது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், எப்போதும் வியர்க்கும், மத்தியானத்தில் திடீரென்று இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். காலையில் வெளியே, மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி வெளியே என்று வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். யுனிவர்சல் ஸ்டூடியோவை மட்டும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. பல சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. காசைக் கட்டிவிட்டு அளவுகோல் பக்கத்தில் பிள்ளையை அழ வைப்பானேன்? அந்தப் பொழுதில் செந்தோசா கடற்கரையில் மணல் வீடு கட்டலாம், கரையோரம் ஓடும் வண்டி இலவசம். ஆப்பில் கார் பிடிப்பதாக இருந்தால், 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை உள்ள வண்டியாகக் கேளுங்கள், அங்கே அது சட்டம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு.

பிள்ளைகள் வளரட்டும், நினைவு தெரிகிற வயதில் கூட்டிப்போகலாம் என்று தள்ளிப்போடுகிற தோழிகளே, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கு நினைவிருக்காவிட்டால் என்ன, நமக்கு இருக்குமே! வீட்டில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். விசாவுக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பயணத் திட்டம் போடும்போது, நான் சொன்ன இரண்டு சிறுவர் தோட்டங்களையும் திங்கட்கிழமையில் வைத்துவிடாதீர்கள். அன்றைக்கு இரண்டுக்கும் வார விடுமுறை.