பட்டுக் கெபாசிட்டர்

‘எல்னா ஸில்மிக்’ என்று ஒரு கெபாசிட்டர். ஜப்பான் சரக்கு. பழுப்பு உறையில் தங்க எழுத்து, பார்க்கவே பாந்தமாக இருக்கும். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சுருட்டியிருக்கும் காகிதத்தில் பட்டு இழை கலந்திருக்கிறோம் என்கிறது கம்பெனி. இதை வாங்கித் தங்கள் ஆடியோ பெட்டியில் மாட்டிக் கேட்டவர்கள் எழுதுவதைப் படித்துப் பாருங்கள். குரல் பட்டு போல வழுக்குகிறதாம். வயலினின் மேல் ஸ்தாயியில் பட்டு மினுமினுக்கிறதாம்.

சாதாரணக் கெபாசிட்டர்கள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது மணிலா நாரில் செய்த காகிதம். மணிலா நார் வாழைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘பாடகியின் குரல் வாழைநார் மாதிரி இருந்தது’ என்று இதுவரை யாரும் எழுதி நான் படித்ததில்லை.

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சொந்தமாக ஆடியோ பெட்டி செய்கிறவர்களிடம் பரவியிருக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால், இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு இரண்டு பாரா. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

சிடியோ, கம்ப்யூட்டரோ, பாட்டு என்பது அங்கே வெறும் எண்கள். சிடியில் விநாடிக்கு 44,100 தடவை, தடவைக்குப் பதினாறு பிட் வீதம், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியே. அந்த எண்களை மறுபடி மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர். செல்லமாக ‘டாக்’. மலிவான எம்.பி.3 பிளேயருக்குள்ளும் ஒன்று இருக்கிறது, ஷோரூம் கண்ணாடிப் பெட்டிக்குள் லட்ச ரூபாய்ச் சீட்டு ஒட்டியும் ஒன்று இருக்கிறது. நடுவில், சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கென்று ‘கிட்’. ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பாக்கெட் பாகங்கள், இரண்டு பக்கம் குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் பாட்டுக் கேட்டுவிடலாம்.

கெபாசிட்டர் என்பது பள்ளிப் புத்தகத்து மின்தேக்கியேதான். கரண்ட்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பித் தரும். டி.சி.யை மறிக்கும், ஏ.சி.யை விடும். ஒரு டாக் கிட்டில் பத்து முப்பது கெபாசிட்டர்கள் இருக்கும். பார்த்தவுடன் கண்ணில் படுவது இவைதான், கழற்ற சுலபமானதும் இவைதான். பெட்டி பாடத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் கை பரபரக்கிறது. ‘அப்கிரேட்’ ஆரம்பம்!

பழைய உதாரணம் ஒன்று. பிலிப்ஸ் கம்பெனியின் டி.டி.ஏ.1543. எட்டுக் கால் சிப், 1980களில் மலிவு விலை சிடி பிளேயர்களுக்காகச் செய்தது. உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் 1990களில் ஜப்பானில் ரியோஹெய் குசுனோகி என்பவர், டிஜிட்டல் ஃபில்டர் எதுவும் வைக்காமல் டாக் கட்டுவது பற்றி எழுதியதிலிருந்து இதற்கு ஒரு மறுவாழ்வு வந்து, இதை வைத்து எத்தனையோ கிட்கள் வந்துவிட்டன. இதன் அழகு எளிமை. சிப்பிலிருந்து வரும் கரண்ட்டை ஒரு ரெஸிஸ்டரில் விட்டால் வோல்ட்டேஜ். அதோடு இரண்டு வோல்ட் அளவுக்கு டி.சி.யும் ஒட்டிக்கொண்டு வரும். அதை மறிக்க வாசலில் ஒரு கெபாசிட்டர், அப்புறம் நேரே ஆம்ப்ளிஃபயர். இந்த வாசல் கெபாசிட்டரைத்தான் எல்லாரும் முதலில் பிடுங்குகிறார்கள்.

கிட்டில் அந்த இடத்தில் 10 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிடிக் இருப்பதாக வையுங்கள். சில ரூபாய் பண்டம். ‘ஐயய்யே, எலெக்ட்ரோலிடிக்கா!’ என்று அதை எடுத்துவிட்டு, விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகையைப் போடச் சொல்வார்கள். ஃபிலிம் வகையில் 10 மைக்ரோஃபாரட் என்றால் கட்டைவிரலை விடப் பெரிது, விலையும் அதற்கேற்றபடி. போர்டில் இடம் இல்லை, பர்ஸிலும் இல்லை. ஆகவே 0.47 மைக்ரோஃபாரட் போதும் என்று ஒரு சமாதானம்.

இப்போது கணக்கு. ஆம்ப்ளிஃபயரின் உள்வாங்கும் தடை 10,000 ஓம் என்றால், 10 மைக்ரோஃபாரட்டுக்கு 1.6 ஹெர்ட்ஸில்தான் வெட்டு விழும். அங்கே நமக்குக் கேட்கிற சமாசாரம் எதுவும் கிடையாது. 0.47 போட்டால் வெட்டு 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் சிக்னலின் பவர் ஏறக்குறைய நாற்பது சதவீதம் காணாமல் போகிறது. இளையராஜா பாட்டுகளில் பாஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கதையின் அடிவரிகளில் காசு கொடுத்து அழிரப்பர் வாங்கித் தேய்த்த மாதிரிதான் இது.

இவர்கள் பொய் சொல்வதில்லை என்பதுதான் விசேஷம். கீழே பாரம் குறைந்ததும் நடுப்பகுதி பளிச்சென்று முன்னால் வரும். ‘திரை விலகியது போல இருக்கிறது, குரல் தெளிந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். கேட்டது நிஜம். அதற்குக் கொடுத்த காரணம்தான் தப்பு. ஆம்ப்ளிஃபயரில் பாஸ் குமிழை இடது பக்கம் கொஞ்சம் திருகியிருந்தாலும் ஏறக்குறைய இதே தெளிவு, செலவில்லாமல் கிடைத்திருக்கும்.

‘அப்படியென்றால் கெபாசிட்டருக்கு ஓசையே கிடையாது என்கிறீர்களா?’

இல்லை. அந்தக் கட்சியும் அவசரக்காரர்கள்தான். 1980ல் அமெரிக்க ‘ஆடியோ’ பத்திரிகையில் வால்ட்டர் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் என்ற இரண்டு பேர் கெபாசிட்டர் தேர்ந்தெடுப்பது பற்றி இரண்டு பகுதிக் கட்டுரை எழுதினார்கள். இந்தக் காய்ச்சல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை. கெபாசிட்டர் என்பது பாடப் புத்தகத்துச் சுத்த சுயம்பிரகாசப் பொருள் அல்ல, வகைக்கு வகை குறை உண்டு என்று காட்டினார்கள். 2002-03ல் ‘எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்ட்’ இதழில் சிரில் பேட்மேன் இதற்கென்றே கருவி செய்து வகைவகையாக அளந்து எழுதினார். அதில் மோசமாக மாட்டிக்கொண்டது எல்லாரும் திட்டும் எலெக்ட்ரோலிடிக் அல்ல. எக்ஸ்7ஆர் போன்ற செராமிக் வகை. வோல்ட்டேஜ் ஏற இறங்க அதன் அளவே மாறுகிறது, ஒலி அலையின் உருவம் கோணுகிறது. ஓசை போகும் பாதையில் அது இருந்தால் தாராளமாக எடுத்தெறியுங்கள். பதிலுக்குச் சின்ன அளவுகளுக்கு சி0ஜி என்ற செராமிக்கோ, சாதாரண ஃபிலிமோ போதும். விலை? டீக்காசு.

எலெக்ட்ரோலிடிக் விஷயத்தில் டக்ளஸ் செல்ஃப் என்ற ஆங்கிலேய டிசைனர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் உபயோகமானது. அதன் இரு முனைகளுக்கு நடுவே ஓசையின் வோல்ட்டேஜ் விழுந்தால்தான் அது ஓசையைக் கெடுக்கும். தேவைக்கு மேல் பெரிய அளவாகப் போட்டுவிட்டால் அங்கே விழுவதற்கு ஒன்றுமில்லை, கெடுப்பதற்கும் ஒன்றுமில்லை. அதாவது 10க்குப் பதில் அதே சாதா ஜாதியில் 47 மைக்ரோஃபாரட். இந்த அப்கிரேடுக்கு ஆகும் செலவில் பட்டுக் கெபாசிட்டரின் தபால் செலவுகூட ஆகாது. இதில் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் யாரும் செய்வதில்லை.

அடுத்த இடம் பவர் சப்ளை. இங்கே விஷயம் இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் நல்ல சரக்கு போட்டால் பெட்டி கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தடை உண்டு, ‘ஈ.எஸ்.ஆர்.’ என்பார்கள். சாதா எலெக்ட்ரோலிடிக்கில் ஒரு ஓம் அக்கம்பக்கம் இருக்கும். பாலிமர் வகையில் அதில் நூற்றில் ஒரு பங்குதான். குறைவு என்றால் உயர்வு, உடனே மாற்று என்று கிளம்புகிறார்கள். கிட்களில் சகஜமாக வரும் எல்.எம்.1117 என்ற ரெகுலேட்டரின் டேட்டா ஷீட்டைப் புரட்டினால், என் வாசலில் நிற்கும் கெபாசிட்டருக்குக் குறைந்தது 0.3 ஓமாவது தடை இருக்கட்டும் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதை விடக் குறைந்தால் ரெகுலேட்டர் தன்பாட்டுக்கு ஊளையிட ஆரம்பிக்கலாம். காதுக்கு எட்டாத உயரத்தில் ஊளையிடும். ஆனால் டாக் சிப்புக்கு வரும் அஞ்சு வோல்ட்டில் அந்த ஆட்டம் இருக்கும். மாட்டியவர் அதைக் கேட்டுவிட்டு ‘மேல் ஸ்தாயியில் புது உயிர்’ என்று எழுதினால் எனக்கு ஆச்சரியமில்லை.

வாணிபம் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். கிட் எதற்காக வந்தது? ஷோரூம்காரன் தங்க முலாமும் கனத்த அலுமினியமும் போட்டு ஏற்றிய விலையைத் தாண்டி, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மட்டும் அடக்க விலைக்கு வாங்கலாம், அதுவும் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம் என்பதற்காக. சம்பளம் குறைவாக உள்ள பையன் நல்ல சங்கீதத்துக்குள் நுழைய அது ஒரு நேர்மையான கதவு. இப்போது அவனே கிட்டின் விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கெபாசிட்டருக்குக் கொடுக்கிறான். எந்த நம்பிக்கையிலிருந்து தப்பித்து வந்தானோ, அது பின்வாசல் வழியாக வந்து சில்லறையில் விற்பனையாகிறது. ஷோரூமிலாவது வாரண்டி தருவார்கள்.

ஆம், வாரண்டி. ‘இருநூறு மணி நேரம் ஓடவிடுங்கள், அப்புறம்தான் குணம் தெரியும்’ என்றொரு விதி உண்டு. இதில் கடுகளவு உண்மை இருக்கிறது. எலெக்ட்ரோலிடிக்கின் உள்ளே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் இருக்கிறது. வெகுநாள் சும்மா கிடந்தால் அது நலியும், கரண்ட் கசியும். மின்சாரம் கொடுத்ததும் மறுபடி கெட்டிப்படும். அதற்கு நிமிடங்கள் போதும், ரொம்ப நாள் கிடந்த சரக்கென்றால் சில மணி நேரம். இருநூறு மணி நேரம் என்பது தினம் இரண்டு மணி கேட்டால் மூன்று மாசத்துக்கு மேல். பிடிக்கவில்லையென்று திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்குள் முடிந்துவிடும். அந்த மூன்று மாசத்தில் பழகிக்கொள்வது கெபாசிட்டரா, காதா?

இதைவிட வருத்தம் தருவது ‘பிளாக் கேட்’ கதை. ரூபிகான் கம்பெனி செய்த அதன் காகிதத்தில் கிராஃபைட் துகள். கெபாசிட்டர்களில் கோஹினூர் என்று கொண்டாடினார்கள். 2000களின் நடுவில் உற்பத்தி நின்றது. அதன் பிறகு மிச்சச் சரக்குக்குத் தங்கம் போல விலை ஏறியது. விலை ஏறினால் போலி வரும், வந்தது. அச்சடித்த உறைக்குள் இருப்பது யார் செய்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ரிச்சி தெருவில் பிராண்ட் பெயர் கேட்டு வாங்குகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கெபாசிட்டர் மோசமானால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரு தடவை பார்த்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் தைவானிலிருந்து வந்த சில கெபாசிட்டர்களில் எலெக்ட்ரோலைட் கலவை தப்பு. கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் வரிசையாகத் தலை உப்பி, வெடித்து, பழுப்புக் கஷாயம் வடிந்தது. 2005ல் டெல் கம்பெனி இதைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்கியது. எனவே தலை உப்பியதை மாற்றுங்கள். இருபது வருஷத்துப் பழைய சிடி பிளேயரில் மாற்றுங்கள். பாக்கெட்டில் ஊர் பேர் தெரியாத சரக்கு வந்தால் நிச்சிகானோ பானசோனிக்கோ போட்டு மாற்றுங்கள். 85 டிகிரி என்றிருந்தால் 105 டிகிரி வகை வாங்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது பழைய கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்குவது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். இவையெல்லாம் பராமரிப்பு. ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றுவது போல. கவிதை எழுத வேண்டியதில்லை.

‘என் காதால கேட்டேன் சார்!’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 2007ல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயர்தர சூப்பர் ஆடியோ சிடிக்களை நேராகவும், நடுவில் ஒரு சிடி ரெக்கார்டரைச் செருகி 16 பிட்டாக மாற்றித் திரும்ப அலையாக்கியும் கேட்க வைத்தார்கள். எது எது என்று சொல்லவில்லை. சாதாரண ஒலியளவில் 554 தடவைகளில் 276 சரி. 49.8 சதவீதம். காசு சுண்டினாலும் அதேதான் வரும். கெபாசிட்டருக்காக நடத்தியதல்ல அது. ஆனால் நடுவில் செருகிய அந்தப் பெட்டிக்குள் முழு டாக்கும் இருந்தது, அதன் கெபாசிட்டர்கள் அத்தனையும் இருந்தன, பட்டோ நாரோ.

உங்கள் கிட்டிலேயே இதைச் செய்யலாம். வலது சேனலில் மட்டும் புதுக் கெபாசிட்டர் போடுங்கள், இடதில் பழையது இருக்கட்டும். அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இது முக்கியம். மோனோ ரெக்கார்டிங் ஒன்றை ஓடவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். எதைக் கொடுப்பது என்பதை வேறு ஒருவர் அடுத்த அறையில் காசு சுண்டித் தீர்மானித்துக் குறித்துக்கொள்ளட்டும். மனைவியோ மகனோ யாராவது, உங்கள் மூஞ்சியைப் பார்க்காமல் இருந்தால் சரி. பதினாறு தடவை. பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. குருட்டாம்போக்கில் அப்படி வர நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். தைரியமாக இடது பக்கத்துக்கும் ஒன்று வாங்குங்கள்.

கழற்றும்போது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள், பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மாட்டும்போது மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பாருங்கள். தலைகீழாகப் போட்டால் பட்டும் வெடிக்கும்.