‘ஆய்வுத் துணை’ என்னும் பெண்

லிசா ஜெனோவாவின் ‘ஸ்டில் ஆலிஸ்’ நாவல் 2007இல் வந்தது. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியையான ஆலிஸுக்கு ஐம்பது வயதில் அல்சைமர் வருகிறது. புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் அவர் சேர்கிறார். மறதிநோயை நோயாளியான பெண்ணின் மனத்துக்குள்ளிருந்தே சொன்னது நாவலின் பலம். ஆனால் பரிசோதனை விஷயத்தில் அது எளிதான சூழலைத் தேர்ந்துகொண்டுவிட்டது. ஆலிஸ் ஆராய்ச்சி அறிந்தவர், கணவர் உயிரியல் விஞ்ஞானி. தன் விருப்பத்தைச் சொல்லவும் அவருக்குத் தெரியும், கேட்கவும் ஆள் உண்டு.

சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்ட பெண்ணின் கதி என்ன? கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அவருக்காக ஒப்புதல் தரக்கூடியவர்களை வரிசைப்படுத்துகிறது: அவரே முன்பு நியமித்த பிரதிநிதி, நீதிமன்றக் காப்பாளர், வாழ்க்கைத்துணை, வளர்ந்த பிள்ளைகள் என்று அது இறங்குகிறது. நோயாளியை ஓரளவு அறிந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் முன்னுரிமை உறவுக்குத்தான், உழைப்புக்கு அல்ல. குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் விழித்திருக்கும் மருமகளுக்கு அதில் தனி இடமில்லை. கூலிக்குக் கவனிக்கும் பெண்ணுக்கு இடமே இல்லை.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. ஒப்புதல் தருபவர் நோயாளியின் விருப்பம் தெரிந்தவரை அதன்படி முடிவெடுக்க வேண்டும். தெரியாவிட்டால் அவருடைய நலனைப் பார்க்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று யாருமே கேட்டிராத தாயின் விருப்பத்தை மகள் எங்கே போய்த் தேடுவாள்? ‘அம்மா பிறருக்காகவே வாழ்ந்தவள், இதற்கும் சம்மதித்திருப்பாள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லும்போது, அவள்மீது சுமத்தப்பட்ட தியாகத்தையே அவளுடைய விருப்பமாக எழுதிக் கையெழுத்திடுகிறோம்.

நோயின் தொடக்க நிலையில் நோயாளியே கையெழுத்திடும் பரிசோதனைகளிலும் உடன் ஒருவர் தேவை. அவருக்கு ‘ஆய்வுத் துணை’ என்று பெயர். லெகனெமாப் மருந்தின் பெரிய பரிசோதனையில் 1,795 பேர் பங்கேற்றனர். 18 மாதங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசிவழி மருந்து. 2022இல் வந்த முடிவின்படி, 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றோருக்கும் போலி மருந்து பெற்றோருக்கும் இடையே வேறுபாடு 0.45. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அந்த அளவுகோலின் புள்ளிகள் எப்படிக் கிடைக்கின்றன? நோயாளியிடமும் அவரை நன்கறிந்தவரிடமும் பேட்டியெடுத்துத்தான். அமெரிக்காவில் மறதிநோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தார், நண்பர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். அவர்களுடைய தினசரிக் கவனிப்பே அறிவியலின் தரவாகிறது. உழைப்புக்கோ ‘துணை’ என்ற சொல்தான் மிச்சம்.

அதே கலிஃபோர்னியச் சட்டத்தில் நல்ல அம்சமொன்றும் உண்டு. நோயாளி மறுப்பையோ எதிர்ப்பையோ காட்டினால், இன்னொருவர் தரும் ஒப்புதல் செல்லாது. ‘சரி’ என்று சொல்லும் திறன் போன பிறகும் ‘வேண்டாம்’ மிஞ்சியிருக்கிறது. கையை இழுத்துக்கொள்வதாக, காரில் ஏற மறுப்பதாக அது வெளிப்படும். அதைப் படிக்கத் தெரிந்தவள் பக்கத்திலேயே இருப்பவள்தான். ஆகவே படிவத்தில் அவளுக்கெனத் தனிப் பகுதி வேண்டும்: அவளுடைய நேரத்துக்கு ஊதியம், பரிசோதனையை நிறுத்தச் சொன்னால் கேட்கப்படும் உரிமை, குற்றவுணர்வின்றி மறுக்கும் உரிமை.

நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அம்மாவுக்கு நினைவிருக்கும்போதே அவளிடம் கேட்போம். நம் விருப்பத்தையும் இப்போதே எழுதிவைப்போம்.