பேரேட்டின் முதற்பக்கம்

சிறுவன் சிலேட்டில் வரைந்த உருவத்தை ஆசிரியர் அழிக்கச் சொல்லுகின்றார்; காகிதத்தில் வரைந்ததை வீட்டார் அடுப்பிலிடுகின்றனர். பெரியோர் தீட்டியதே சித்திரம் என்னும் எண்ணம் நம்மவரிடையே அவ்வளவு வேரூன்றிக் கிடக்கின்றது. தமது பிள்ளைப்பருவச் சித்திரங்களை மீண்டும் கண்டெடுத்த ஓர் ஓவியர் அவற்றை என்ன செய்தார் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பவுல் கிளே 1879-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே பிறந்தவர். தந்தையார் சங்கீத ஆசிரியர். சிறுவனைச் சித்திரம் வரைய ஊக்கியவர் பாட்டியார். மியூனிக் நகரில் கலை பயின்று, இத்தாலியின் புராதனக் கலைச் செல்வங்களைக் கண்டு, 1902-ல் அவர் வீடு திரும்பினார். அவ்வாண்டு அக்டோபரில் பெற்றோர் வீட்டில் தமது இளம்பருவச் சித்திரங்கள் அவர் கையில் அகப்பட்டன. இதுகாறும் தாம் செய்தவற்றுள் இவையே முக்கியமானவை என்னும் கருத்துப்பட, தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த லில்லிக்குக் கடிதம் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 22.

பேரேடு எழுதுவது எமது தொழிலாகலின், அதன்பின் நடந்ததே எம்மை அதிகம் கவர்ந்தது. 1911-ல் கிளே தமது படைப்புகளுக்கெல்லாம் ஒரு பதிவேடு தொடங்கினார். அதில் 18 பிள்ளைப்பருவச் சித்திரங்களைச் சேர்த்தார். குடை பிடித்த சீமாட்டியும், குதிரை இழுக்கும் சறுக்குவண்டியும் முதிர்ந்த ஓவியங்களுக்குச் சமமாக வரவு வைக்கப்பட்டன. ஆயின், பள்ளியிலும் பயிற்சிக் காலத்திலும் வரைந்தவற்றில் பெரும்பாலானவற்றை அவர் தள்ளிவிட்டார். சுயமாகப் பிறந்த படைப்புகளுக்கே அதில் இடம் என்பது அவர் கொள்கை.

முதற்காரியத்தை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். பிறரைப் பார்த்து எழுதும் பழக்கம் ஏறுமுன் தம் கண்ணால் கண்டதை எழுதிய கையை அவர் மதித்தார். அதுவே சுயமரியாதை. இரண்டாவது காரியத்தை நாம் ஒப்புவதற்கில்லை. அவர் 1922-ல் தீட்டிய 'கீச்சிடும் இயந்திரம்' என்னும் சித்திரத்தைப் பாருங்கள். கைப்பிடி பொருத்திய ஒரு கம்பியின்மேல் நான்கு பறவைகள். மெல்லிய கோடுகளே அவற்றின் உடல். குழந்தை வரைந்ததுபோல் தோன்றும். ஆயினும் எக்கோட்டை எங்கே நிறுத்துவது என்னும் அந்த அடக்கத்தைக் குழந்தை அறியாது. பல்லாண்டுப் பயிற்சியே அதனைத் தந்தது. வரவை எழுதி முதலீட்டை மறைத்த கணக்கு முழுக்கணக்காகாது. குழந்தையைத் தெய்வமாக்கி உழைப்பை மறப்பதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

இது வெறும் ரசனைச் சண்டையன்று. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கிளே டுசல்டார்ப் கலைக்கழகப் பதவியை இழந்தார். 1937-ல் அவருடைய படைப்புகளில் 102 ஜெர்மானியப் பொதுச் சேகரங்களிலிருந்து பறிக்கப்பட்டன. 'சீர்கெட்ட கலை' என்ற பெயரில் மியூனிக்கில் நடந்த கண்காட்சியில் அவர் சித்திரங்களும் பரிகாசத்துக்கு வைக்கப்பட்டன. மேற்கூறிய பறவைகளும் பெர்லினிலிருந்து பறிக்கப்பட்டவையே. இன்று அவை நியூயார்க்கில் இருக்கின்றன. இப்படித்தான் வரையவேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம், கட்டளைக்கு முற்பட்ட கோட்டைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில், கரும்பலகையில் உள்ள பூச்சாடியைப் பிசகாமல் பார்த்தெழுதியவனுக்கே மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பூச்சாடிகளில் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. அதற்குமுன் வீட்டில் வரைந்தவையும் இல்லை. இருந்திருந்தால் நாம் ஓவியராகியிருப்போம் என்று வீம்பு பேசவில்லை. எமது கண் எப்பொழுது பிறர் கண்ணாயிற்று என்பதையேனும் அறிந்திருப்போம்.

ஆதலால் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை வரைந்த காகிதத்தை எறியுமுன், அதன் பின்புறத்தில் பெயர், வயது, ஆண்டு மூன்றையும் எழுதிப் பெட்டியில் வையுங்கள். அவன் பள்ளியில் பயின்று வரைந்ததையும் உடன் வையுங்கள். எதைத் தள்ளுவது என்பதை அவன் வளர்ந்தபின் தானே தீர்மானிக்கட்டும்.