பந்திக்குள் புகுந்த கேமரா

கல்யாணத்துக்குப் படமெடுக்க ஆள் பிடிக்கப் போகிறவர்களிடம் ஸ்டூடியோக்காரர்கள் முதலில் கேட்பது, "ட்ரெடிஷனல் மட்டும் போதுமா, கேண்டிடும் வேணுமா?" என்பதுதான். இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனிக் கூலி. முதலாமவர் மேடையை விட்டு நகரமாட்டார். உறவுக்காரர்களை வரிசையாக நிறுத்தி மணமக்களோடு எடுத்து அனுப்புவார். இரண்டாமவர் மண்டபம் முழுக்கச் சுற்றுவார். யாரையும் நில் என்றோ சிரி என்றோ சொல்லமாட்டார்.

இந்த இரண்டாமவரால் கிடைத்த லாபம் சின்னதல்ல. ரிசப்ஷன் வரிசையில் கால்கடுக்க நின்று, மொய்க்கவரை நீட்டிவிட்டு லைட்டுக்கு முன்னால் விறைத்து நிற்கும் பெரியப்பாவின் முகத்தில் களைப்பைத் தவிர வேறெதுவும் இருக்காது. அதே மனிதர் பந்தியில் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, பக்கத்து இலைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது அவருடைய சுபாவமே முகத்தில் வந்து நிற்கும். தவில் முழங்கும்போது காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, சீர்த்தட்டுகளைக் கண்ணாலேயே எண்ணும் அத்தை, பத்து வருஷம் பேசாமல் இருந்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார நேர்ந்த பங்காளிகள் என்று, மேடைக்கே வராத கல்யாணம் ஒன்று கீழே நடக்கிறது. பழைய ஆல்பங்களில் அதற்கு இடமே இல்லை.

தொழிலாகப் பார்த்தாலும் இது லேசான வேலை அல்ல. தூரத்திலிருந்து எடுக்க 70-200 லென்ஸ், நெருங்கி எடுக்க 35 அல்லது 85. மிரர்லெஸ் கேமராவில் ஷட்டர் சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகளில் பல, நொடிக்கு 100 முறை மினுக்குவதால், சத்தமில்லாத ஷட்டரில் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வேகத்தை 1/100க்கு இறக்கினால் கோடு மறையும். ஆனால் கையை வீசிச் சிரிப்பவரின் கை கலங்கிப்போகும்.

குறை வேறிடத்தில் தொடங்குகிறது. கூலிக்கு வந்தவருக்கு அந்த வீட்டில் யார் யார் என்று தெரியாது. எனவே கண்ணுக்கு அழகாகப் பட்டதையே கேமரா தேடிப்போகிறது: பட்டுப்பாவாடைச் சிறுமி, ஜிமிக்கி ஆட்டிச் சிரிக்கும் தோழி, மணப்பெண்ணுக்குப் பொட்டு சரிசெய்யும் சித்தி. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, கடைசி வரிசையில் சாய்ந்திருக்கும் தாய்மாமன் ஒரு படத்திலும் இருக்கமாட்டார். மேடைக்காரரின் படம் சப்பென்று இருந்தாலும் அதில் வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அழகுக்காக அந்தக் கணக்கை விட்டுவிடுவது நஷ்டம்தான்.

இன்னொன்று, சம்மதம். 1920களின் கடைசியில் ஜெர்மானியரான எரிக் சாலமன் எர்மனாக்ஸ் என்ற சிறு கேமராவோடு சர்வதேச மாநாடுகளுக்குள் நுழைந்து, அமைச்சர்கள் அசந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் படமெடுத்தார். 1930இல் ஹேக் மாநாட்டில், நடுராத்திரிப் பேச்சுவார்த்தையில் சோர்ந்து சரிந்துகிடந்த அமைச்சர்களின் படம் இன்றும் பேசப்படுகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களை அப்படிப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருந்தது. சாம்பார் சாதம் பிசைந்து வாயில் வைக்கும் விருந்தாளியிடம் அந்த நியாயம் செல்லாது. அவர் கல்யாணப் பத்திரிகைக்கு மரியாதை கொடுத்து வந்தவர். மறுவாரம் ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தன் வாய் திறந்திருப்பதைப் பார்க்க வந்தவரல்ல.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். ஆக அந்த உரிமை கல்யாண வீட்டாருக்கு. எழுதி வாங்கிக்கொண்டால் ஸ்டூடியோவுக்கு. படத்தில் இருக்கும் விருந்தாளி இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். இப்போது செல்ஃபி ஒன்றை அனுப்பினால் மென்பொருள் முகத்தை அடையாளம் கண்டு, அவரவர் படத்தை அவரவர் போனுக்கே அனுப்பிவிடும் சேவையும் வந்துவிட்டது. வசதிதான். ஆனால் அதற்காக மண்டபத்தில் இருந்த அத்தனை முகங்களும் ஏதோ ஒரு கம்பெனியின் கணினியில் ஏறுகின்றன என்பதை வாசலில் யாரும் சொல்வதில்லை.

"அம்மா, இயல்பா பேசிக்கிட்டே இருங்க, நான் எடுக்குறேன்" என்று சொல்லி எடுக்கும் கேண்டிட்டும் உண்டு. அதை நாடகம் என்றே சொல்லிவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு பல விருந்தாளிப் படங்கள் ஆல்பத்தை எட்டுவதே இல்லை. ஷீட் கூடினால் பணம் கூடும். தேர்வுக்கு உட்காருவதோ பெரும்பாலும் மணமக்கள். அவர்கள் தங்கள் படங்களையும் நண்பர்களையும் முதலில் டிக் செய்வார்கள். மிச்சம் ஹார்ட் டிஸ்க்கோடு பீரோவுக்குப் போகும். முகூர்த்தத்தன்று பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் உறவுமுறை தெரிந்த ஒருவரைக் கேமராக்காரரோடு அனுப்பி வைப்பதும், தேர்வு நாளில் ஒரு பெரியம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைப்பதும் செலவில்லாத வேலை. பந்தியில் இலை போட்டதிலிருந்து இலை எடுக்கும்வரை கேமராவைக் கீழே வையுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால், ரசம் உறிஞ்சும் பெரியப்பாவின் படம் கிடைக்காமல் போகும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். அவரே கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளட்டும்.