பேசாமல் தோற்கும் கெட்டிக்காரர்கள்

ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவது பெரிய விஷயமில்லை. பென் டிரைவைச் செருகினால் அதுவே கேட்கும். என்ன மொழி? எந்த ஊர் நேரம்? ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும்? பாஸ்வேர்டு என்ன? வரிசையாகப் பதில் சொல்லிவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும்.

நூறு கம்ப்யூட்டர் என்றால்? அதே கேள்விகள் நூறு தடவை, அதே பதில்கள் நூறு தடவை. எண்பதாவது மெஷினில் கை தடுமாறும். இதற்காகத்தான் ஒரு குறுக்கு வழி. எல்லாப் பதில்களையும் முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட வேண்டியது. நிறுவும் மென்பொருள், அதாவது இன்ஸ்டாலர், அதைப் படித்து யாரையும் தொந்தரவு பண்ணாமல் தானே முடித்துக்கொள்ளும். நமக்கென்ன இதில் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இன்டர்நெட்டில் தினமும் நீங்கள் தொட்டுவிட்டு வரும் சர்வர்களில் ஏகப்பட்டவை லினக்ஸ். அவற்றில் பல இப்படி ஆளில்லாமல் பிறந்தவைதான்.

இந்த வேலைக்கு மூன்று பேர் பிரபலம். ரெட் ஹாட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட். டெபியனில் பிரிசீட். உபுண்டு சர்வரில், 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பு முதல், ஆட்டோஇன்ஸ்டால். மூவருமே கெட்டிக்காரர்கள். சரியாக எழுதிக் கொடுத்தால் அசராமல் உழைப்பார்கள். என் புகார் ஒன்றே ஒன்றுதான். தோற்கும்போது பல நேரம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

மளிகைக் கடைக்கு லிஸ்ட் அனுப்புகிறீர்கள். அவசரத்தில் 'துவரம்பருப்பு' என்பதைக் கிறுக்கிவிட்டீர்கள். கடைக்காரர் என்ன செய்வார்? "சார், மூணாவது ஐட்டம் புரியலையே" என்று போன் பண்ணுவார். இந்த மூவரும் எப்போதும் அப்படியில்லை. பல நேரம் தப்பைக் கண்டுகொள்ளாமல் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். சாம்பார் வைக்கும்போதுதான் உங்களுக்கு விஷயம் தெரியும்.

முதலில் பிரிசீட்டைப் பார்ப்போம். இதில் ஒவ்வொரு வரியிலும் கேள்வியின் பெயர், பதிலின் வகை, பதில் என்று எழுத வேண்டும். வகைக்கும் பதிலுக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் விடலாம். அழகாக இருக்கட்டுமே என்று இரண்டு விட்டால், அந்த இரண்டாவது இடைவெளியும் பதிலின் பகுதியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. எத்தனை தடவை படித்தாலும் தப்பு அகப்படாது. டெபியன் கையேட்டில் இந்த எச்சரிக்கை நேர்மையாகவே அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒரு பள்ளத்துக்குப் பக்கத்தில் போர்டு வைப்பதும் பள்ளத்தை மூடுவதும் ஒன்றா?

கேள்வியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பெயரில் கேள்வியே இல்லை என்று பிரிசீட் சொல்லாது. பதிலை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, உண்மையான கேள்வியைத் திரையில் கேட்டுக்கொண்டு நிற்கும். மிக அவசியமானதை மட்டும் கேள் என்று நீங்கள் அடக்கி வைத்திருந்தால் அதுவும் கிடையாது. தனக்குத் தோன்றிய பதிலைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு கூத்து. பதில் ஃபைலை நெட்வொர்க் வழியாகக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஃபைல் கைக்கு வர முதலில் நெட்வொர்க் வேண்டும். அதற்கு முன்பே மொழி, நாடு, கீபோர்டு கேள்விகள் வந்துவிடும். அவற்றுக்கான பதில் எங்கே இருக்கிறது? இன்னும் வந்து சேராத ஃபைலுக்குள்! அதனால் மெஷின் கிளம்பும் வரியிலேயே தனியாக அந்தப் பதில்களைத் தர வேண்டும். அல்லது 'ஆட்டோ' என்று சொல்லி அந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட வேண்டும். புதிதாக வருகிறவர் முதல் நாள் இதில் மாட்டாமல் தப்பினால் அதிர்ஷ்டசாலி.

அடுத்து கிக்ஸ்டார்ட். இவரிடம் ஓர் அருமையான குணம் உண்டு. கையால் ஒரு தடவை நீங்கள் இன்ஸ்டால் பண்ணி முடித்ததும், நீங்கள் சொன்ன பதில்களையெல்லாம் ஃபைலாக எழுதி வைத்துவிட்டுப் போவார். அதைத் திருத்தி அடுத்த மெஷினுக்குப் பயன்படுத்தலாம். ஃபைலைச் சோதிக்க 'கேஎஸ்வேலிடேட்டர்' என்று ஒரு கருவியும் இருக்கிறது. ஆனால் அது இலக்கணத்தை மட்டும்தான் பார்க்கும். பாக்கேஜ் பட்டியலையும், முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகளையும் அது ஆராய்வதில்லை. பி.காமில் எங்களுக்கு முதல் வருஷமே இதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதினாலும் டேலி ஆகும்.

அப்படித் தப்பாமல் டேலி ஆகிற ஒரு வரிதான் 'கிளியர்பார்ட் ஆல்'. இலக்கணம் சுத்தம். அர்த்தம் என்ன தெரியுமா? இன்ஸ்டாலரின் கைக்கு எட்டும் எல்லா டிஸ்க்குகளையும் துடை. நெட்வொர்க் வழியாக இணைத்திருக்கும் சேமிப்புக் கிடங்கும் அதில் சேர்த்தி. பத்து வருஷத்துப் பதிவேடுகள் அங்கே இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதானே இவர் வேலை! இந்த டிஸ்க்கைத் தவிர வேறெதையும் தொடாதே என்று கட்டளையிட 'இக்னோர்டிஸ்க்' என்று வேறொரு வரி இருக்கிறது. அதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு புதுப் பதிப்புக்குப் போனாலும் வம்பு. பதில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'கேஎஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'இன்ஸ்ட்' என்று ஒட்டுப் போடச் சொன்னார்கள். 2022-ல் வந்த ரெட் ஹாட் 9-ல் ஒட்டில்லாத பழைய சொல் செல்லாது. ஒன்றும் நடக்காததுபோல் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாமவர் ஆட்டோஇன்ஸ்டால். இளையவர். பதில் ஃபைலை வாங்கிப் படிப்பவர் இவருடைய கூட்டாளி கிளவுட்-இனிட். முதல் வரியில் '#கிளவுட்-கன்ஃபிக்' என்று இருக்க வேண்டும் என்பது இவர் சட்டம். இந்த மாதிரி ஃபைல்களில் '#' போட்டால் அது மனிதர்களுக்கான குறிப்பு, மெஷின் படிக்காது என்றுதான் உலகமே நினைக்கும். நினைத்து, தேவையில்லையே என்று அழித்தால் தீர்ந்தது. இது நமக்கு வந்த ஃபைலே இல்லை என்று ஒதுக்கிவிடுவார். கூடவே இன்னொரு ஃபைலும் கேட்பார். அதில் ஒரு எழுத்துகூட இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஃபைல் இருந்தே ஆக வேண்டும். வெறும் கவருக்கும் ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லும் ஆபீஸ்!

ஆனால் இவரிடம் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பதில்கள் அத்தனையும் தயாராக இருந்தாலும், டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை நிறுத்திக் கேட்பார். கேட்க வேண்டாம் என்றால், கிளம்பும் வரியில் 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற சொல்லைத் தனியாக எழுத வேண்டும். நிறையப் பேர் இதைத் திட்டுகிறார்கள். ஆளில்லாமல் ஓடத்தானே இது, எதற்குக் கேள்வி என்று. யோசித்துப் பாருங்கள். செருகிய மெஷினையெல்லாம் துடைத்துப் போடும் பென் டிரைவ் ஒன்று உங்கள் மேஜை டிராயரில் கிடக்கிறது. வீட்டுக்கு வந்த மச்சான், போட்டோ காப்பி பண்ண அதை எடுத்தால்? அந்த ஒரு கேள்வி அதற்காகத்தான்.

டிஸ்க் பெயரிலும் கவனம் தேவை. 'எஸ்டிஏ' என்றால் முதல் டிஸ்க் என்று எழுதி வைப்பார்கள். லினக்ஸ் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. சில நேரம் நீங்கள் செருகிய பென் டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். புது ரக என்விஎம்இ டிஸ்க்குக்குப் பெயரே வேறு. நெட்வொர்க் கார்டும் இப்படித்தான். 2013-ல் சிஸ்டம்டி பெயர் வைக்கும் முறையை மாற்றியபின், 'ஈத்-0' என்று எழுதிய பழைய ஃபைல்கள் பல புது மெஷினில் ஆளைத் தேடி அலைந்தன. பெயரை நம்பாமல் சீரியல் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதே பத்திரம்.

தப்பு நடந்துவிட்டால்? டெபியனில் ஆல்ட்-எஃப்4 அழுத்துங்கள். திரைக்குப் பின்னால் நடப்பது ஓடிக்கொண்டிருக்கும். கிக்ஸ்டார்ட் தன் குறிப்புகளை மெமரியில்தான் வைத்திருக்கும். கோபத்தில் பவரை அணைத்தீர்களானால் தடயமும் போச்சு. முதலில் காப்பி, அப்புறம் கோபம். எந்த ஃபைலையும் முதலில் ஒரு வர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே எதை அழித்தாலும் யாரும் அழப்போவதில்லை.

இவற்றை எழுதியவர்கள் சார்பிலும் ஒரு வாதம் உண்டு. தெரியாத ஒவ்வொரு வரிக்கும் நின்றால், நள்ளிரவில் நூறு மெஷினும் நூறு இடத்தில் நிற்கும். ஒரே ஃபைலைப் பல பதிப்புகளுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. நியாயம்தான். ஆனால் நின்றுபோன மெஷினை விடிந்ததும் தட்டி எழுப்பலாம். துடைத்த டிஸ்க்கை எழுப்ப முடியாது. புரியாத வரி வந்தால் நில், எந்த வரி என்று சொல். நிற்க வேண்டாமென்றால் அதை நான் எழுதித் தருகிறேன். இந்தச் சின்ன மரியாதை மூவரிடமும் முழுசாக இல்லை. ஒரு இடத்தில், ஒரு கேள்வி அளவுக்கு, இளையவர் ஆரம்பித்திருக்கிறார். மூத்தவர்கள் இருவரும் அவரிடம் பாடம் கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.